கருவிக்கு ஒரு காண்டிகை

கதை எழுதுகிறவனிடம் அபிப்பிராயம் கேட்டு வருகிற காகிதங்கள் பெரும்பாலும் கதைகளாகத்தான் இருக்கும். சில சமயம் கவிதைகள் வரும். கல்யாணப் பத்திரிகையின் வாசகம், கும்பாபிஷேக நோட்டீசு இவற்றைக்கூட நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சென்ற மாதம் என் அக்காள் மகன் கொண்டுவந்து கொடுத்த ஒரு பக்கத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது, சமீபத்தில் வந்த பல நாவல்களைவிட இந்தப் பக்கத்தைத்தான் முதலில் விமர்சிக்க வேண்டும் என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். விவசாயிகள் தமிழில் கேட்கிற கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லும் யந்திரம் ஒன்றை அங்கே தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது எல்லாரும் 'ஏஐ ஏஜெண்டு' என்கிறார்களே, அந்த ரகம். பரீட்சை பார்த்ததில் இரண்டு இடங்களில் அது கோளாறாக நடந்துகொண்டதாம். ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டைக்கு வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவியதும் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"மாமா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. புரோகிராமில தப்பு ஒண்ணும் இல்லீங்க. எழுதியிருக்கறதிலதான் எங்கியோ கோளாறுன்னு ஆபீசில சொல்றாங்க."

"இதைப் பத்தி எனக்கென்ன மாப்பிள்ளை தெரியும்?"

"எழுத்துத்தானுங்களே மாமா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மூலம் இங்கிலீஷில் இருந்தது. எனக்காகத் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனாகிய எனக்குப் புரிகிற வரையில், விஷயத்தை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஏஜெண்டு என்றால் நம் பக்கத்தில் தேங்காய் மண்டிக்காரருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இருக்கிற ஏஜெண்டுதான் ஞாபகத்துக்கு வருவார். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். பிறருக்காகக் காரியம் பார்ப்பது. யந்திரத்தின் மையத்தில் இருக்கிற மொழி மாடலுக்கு வார்த்தைகளை வாங்கி வார்த்தைகளைத் திருப்பிக் கொடுக்கத்தான் தெரியும். அணையில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதற்காகத்தான் கருவிகளைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர். அது என்ன செய்யும் என்று ஒரு விளக்கம். அதற்கு என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல். கேள்வி வந்ததும் மாடல் இந்த விளக்கங்களைப் படிக்கிறது. எந்தக் கருவி பொருந்தும் என்று தீர்மானிக்கிறது. வேண்டிய விவரங்களை எழுதிக் கொடுக்கிறது. வெளியே இருக்கிற புரோகிராம் அந்தக் கருவியை ஓட்டி விடையைத் தருகிறது. மாடல் அதைப் படித்துவிட்டுக் கேட்டவருக்குப் பதில் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மாடல் பார்ப்பதில்லை. விளக்கத்தை மட்டுமே பார்க்கிறது. அதற்குக் கருவி என்பதே அந்த நாலு வரிதான்.

2023 ஜூனில் ஓபன் ஏஐ கம்பெனி இந்த வசதியை வெளியாட்களும் உபயோகிக்கும்படி திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற கம்பெனி 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்று ஒரு பொது ஒழுங்கை வெளியிட்டது. அதன்படி ஒருவர் செய்த கருவியை முன்பின் தெரியாத இன்னொருவருடைய யந்திரமும் எடுத்தாளலாம். ஆக, விளக்கம் எழுதுகிறவனுக்குத் தன் வாசகன் யார் என்று தெரியாது. பத்திரிகையில் எழுதுகிற எங்கள் கதியும் அதுவேதான். மாப்பிள்ளை என்னிடம் வந்தது அவ்வளவு விசித்திரம் அல்ல.

இனி அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். அதில் நாலு கருவிகள் இருந்தன.

முதலாவது, 'அணை நிலவரம்'. விளக்கம்: அணையின் நிலவரத்தைத் தரும். கொடுக்க வேண்டியவை: அணை, தேதி.

இரண்டாவது, 'நீர் விவரம்'. விளக்கம்: நீர் பற்றிய விவரங்களைப் பெற உதவும் திறன்மிக்க, எளிமையான கருவி.

மூன்றாவது, 'பாசனத் தகவல்'. விளக்கம்: பாசனம் சம்பந்தமான தகவல்களுக்கு.

நாலாவது, 'மனு'. விளக்கம்: விவசாயியின் மனுவைக் கையாளும்.

சாதாரணமாகப் படிக்கிறவருக்கு இதில் குற்றம் எதுவும் தெரியாது. எழுத்துப் பிழை கிடையாது, இலக்கணப் பிழையும் கிடையாது. ஆபீசுகளில் இப்படித்தானே எழுதுகிறார்கள்! ஆனால் பரீட்சையின்போது நடந்ததைக் கேளுங்கள்.

உடுமலைப் பக்கத்து விவசாயி கேட்பது போல ஒருவர் கேட்டிருக்கிறார்: "அணையில தண்ணி எவ்வளவு இருக்குதுங்க? மக்காச்சோளம் போடலாமா?" யந்திரம் முதல் கருவியை எடுத்தது. எந்த அணை என்று கேள்வியில் இல்லை; ஆகையால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டது. கருவி 50 என்று விடை கொடுத்தது. உடனே யந்திரம், திருமூர்த்தி அணை ஏறக்குறைய நிறைந்திருக்கிறது, தைரியமாக விதைக்கலாம் என்று சொல்லிவிட்டது.

உடுமலைக்காரர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு அணை இரண்டு. திருமூர்த்தி அணை, பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தைச் சேர்ந்தது. அதன் முழு மட்டம் 60 அடி. அமராவதி அணைக்கு ஆறு வேறு, ஆயக்கட்டு வேறு. அதன் முழு மட்டம் 90 அடி. திருமூர்த்தியில் 50 அடி என்றால் நிறைவதற்குப் பத்தடிதான் பாக்கி. அமராவதியில் 50 அடி என்றால் இன்னும் நாற்பதடி வேண்டும். இடத்தைக் காலியாக விட்டால் அமராவதி என்று எடுத்துக்கொள்ளும்படி கருவியைச் செய்திருந்தார்கள். செய்தவருக்கு அது தெரியும். எழுதி வைக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஆகவே அமராவதியின் 50 திருமூர்த்தியின் 50 ஆகிவிட்டது.

இத்துடன் போகவில்லை. திருமூர்த்தியிலேயே 50 அடி இருந்தாலும், கேட்டவருடைய காட்டுக்குத் தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது. திருமூர்த்தி பெரிய அணை அல்ல. அமராவதியின் முழுக் கொள்ளளவு சுமார் 4 டிஎம்சி என்றால், திருமூர்த்தி அதில் பாதிகூடக் கொள்ளாது. மலைமேலிருந்து காண்டூர்க் கால்வாய் வழியாக வருகிற தண்ணீரை அங்கே நிறுத்திப் பாசனத்துக்கு விடுகிறார்கள். அதையும் ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரே சமயத்தில் விடுவதில்லை. நாலு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்து விடுகிறார்கள். இந்தத் தடவை முறை இல்லாத மண்டலத்துக்காரருக்கு அணை நிறைந்தும் பிரயோஜனம் இல்லை. அவர் மக்காச்சோளம் போட்டால், அது கிணற்றுத் தண்ணீரையும் மழையையும் நம்பிப் போட்டதாகத்தான் ஆகும்.

பரீட்சை என்பதால் யாருடைய காடும் காயவில்லை. ஆனால் நஷ்டம் எங்கே காத்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. பழைய காலத்தில் மோசமாக எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தைப் படித்தவர் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். இந்த வாசகனோ படித்த மாத்திரத்தில் காரியத்தில் இறங்கிவிடுகிறான். மோசமான வாக்கியத்துக்கு இத்தனை கை கால் முளைத்ததை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

நாலாவது கருவியின் கதை இன்னும் மோசம். "எம்பட மனு என்ன ஆச்சுங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மனு எண்ணைக் கொடுத்தால் அதன் நிலையைப் பார்த்துச் சொல்வதும், எண் இல்லாவிட்டால் புதிய மனு ஒன்றைப் போட்டுவிடுவதும் அந்தக் கருவியின் சுபாவம். கேட்டவர் எண்ணைச் சொல்லவில்லை. யந்திரம் அவர் பெயரில் இன்னொரு மனுவைப் போட்டுவிட்டுப் பணிவாக அறிக்கை சமர்ப்பித்தது. 'கையாளும்' என்ற வார்த்தை செய்த வேலை இது. பார்ப்பதும் கையாளுவதுதான், போடுவதும் கையாளுவதுதான், கிழித்தெறிவதும் கையாளுவதுதான்.

மாப்பிள்ளையிடம் அப்போது எனக்கு நன்னூல் ஞாபகம் வந்ததாகச் சொன்னேன். அவன் பள்ளிக்கூடத்தோடு அதை மறந்துவிட்டவன். நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் கொங்கு நாட்டுக்காரர், பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரம் அவருடைய ஊர் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்லுவதுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதன்பேரில் எழுதப்பட்ட நூல் அது. அதன் பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். தமிழ்ப் பண்டிதர்கள் பரீட்சைக்காக அதை நெட்டுருப் போடச் சொன்னார்களே ஒழிய, உபயோகித்துப் பார் என்று சொல்லவில்லை. நான் அன்றைக்கு உபயோகித்துப் பார்த்தேன்.

'அணையின் நிலவரத்தைத் தரும்' என்பது குன்றக் கூறல். நிலவரம் என்றால் நீர்மட்டமா, இருப்பா, வரத்தா, வெளியேற்றமா? மட்டம் அடியில் வரும். வரத்தும் வெளியேற்றமும் விநாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். இருப்பு மில்லியன் கன அடியில் வரும். வெறும் 50 என்ற எண்ணில் இவற்றில் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். 'திறன்மிக்க, எளிமையான' என்பது வெற்றெனத் தொடுத்தல். விற்பனை நோட்டீசிலிருந்து வழி தவறி வந்த சொற்கள். யாருக்கு விற்க? கருவியை விலைக்கு வாங்கவா யந்திரம் படிக்கிறது? முதல் மூன்று கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மயங்க வைத்தல். தண்ணீரைப் பற்றி எதைக் கேட்டாலும் மூன்றும் 'நான், நான்' என்று கை தூக்கும். தேதி விஷயத்தில் மாறுகொளக் கூறல்: ஒரு கருவி நாளை முன்னால் கேட்கிறது, இன்னொன்று மாதத்தை முன்னால் கேட்கிறது. 03-04 என்பது ஒன்றுக்கு ஏப்ரல் 3, மற்றொன்றுக்கு மார்ச் 4.

"அதைச் சரி பண்றதுக்குத்தானுங்க மாமா, எங்க ஆபீசில ஒருத்தர் இன்னொண்ணு எழுதியிருக்காரு" என்று மாப்பிள்ளை இரண்டாவது காகிதத்தை எடுத்தான். முதல் கருவிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்! அணை கட்டின வரலாறு, விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்ற உபதேசம், 'மிகவும் கவனமாக, துல்லியமாக, பொறுப்புடன்' என்று அடைமொழிகள், எல்லாம் இருந்தன. காலியாக விட்டால் அமராவதி என்பது மட்டும் அதிலும் இல்லை. மிகைபடக் கூறலும் மற்றொன்று விரித்தலும் சேர்ந்தும் குன்றக் கூறலைத் தீர்க்கவில்லை. தவிரவும், கருவிகளின் விளக்கங்களைக் கேள்விகளோடு சேர்த்து மாடல் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது. அநாவசியச் சொற்கள் அதன் கவனத்தையும் கம்பெனியின் காசையும் சேர்த்தே தின்னும்.

நீளம் கூடாது, சுருக்கமும் போதாது என்றால் என்னதான் செய்வது? இதற்கும் பழைய நூலிலேயே வழி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நன்னூல் சூத்திரங்களால் ஆனது. சூத்திரம் என்பது தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லி வைத்த குறிப்பு. தனியே நின்றால் பலருக்கு அது புரியாது. அதனால்தான் மயிலைநாதர் முதல் ஆறுமுக நாவலர் வரை உரையாசிரியர்கள் வேண்டியிருந்தது. அந்த உரைகளில் சுருக்கமான ரகத்துக்குக் காண்டிகை என்று பெயர். கருத்து என்ன, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் என்ன, உதாரணம் என்ன. வேண்டுமானால் ஒரு வினாவும் அதற்கு விடையும். இவ்வளவுதான் காண்டிகை.

கருவியின் பெயர்தான் சூத்திரம். விளக்கம் காண்டிகையாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் பக்கத்தில் இருந்தது சூத்திரத்துக்கு உரையாக இன்னொரு சூத்திரம். 'அணை நிலவரம்' என்றால் அணையின் நிலவரம். இதற்குக் கூறியது கூறல் என்று பெயர்.

இங்கே கதாசிரியன் என்ற முறையில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. சொல்லாமல் விடுவதை ஒரு கலையாக இருபது வருஷம் பழகியவன் நான். விதவையான தாய் ஒருத்தி மகனுடைய கல்யாணத்தன்று சமையல்கட்டிலேயே நின்றாள் என்று எழுதிவிட்டால் போதும். ஏன் என்று எழுதினால் கதை கெட்டுவிடும். வாசகர் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்வார். அவர் நிரப்புவார் என்ற நம்பிக்கையில்தான் நான் விடுகிறேன். இந்த வாசகனுக்கு உடுமலையில் வாழ்க்கை கிடையாது. வாய்க்கால் மேட்டில் நின்றதில்லை. முறைத் தண்ணீருக்காக ராத்திரி விழித்திருந்ததில்லை.

அதற்காக அவனை ஒன்றும் தெரியாத மூடன் என்று நினைத்துவிடக் கூடாது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், அது தப்பு. யோசித்துப் பாருங்கள்: திருமூர்த்தியின் முழு மட்டம் 60 அடி என்பது யந்திரத்துக்குத் தெரிந்திருந்தது! தெரிந்திருந்ததால்தான் 50 என்றதும் 'ஏறக்குறைய நிறைந்துவிட்டது' என்று சொல்லிற்று. ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் விழித்திருப்பான், அல்லது கேட்டிருப்பான். உடுமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரிடம் வேண்டுமானாலும் போய் "அணையில தண்ணி எவ்வளவு?" என்று கேளுங்கள். "எந்த டேமுங்க?" என்றுதான் பதில் வரும். இந்த வாசகனோ நிறையப் படித்துவிட்டு, ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிற உத்தியோகஸ்தரைப் போன்றவன். அவருக்குப் புத்தகத்தில் உள்ளது அத்தனையும் தெரியும். உள்ளூர் வழக்கம் மட்டும் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. இடைவெளி இருந்தால் கேட்க மாட்டார். தம்முடைய கல்வியைக் கொண்டு அழகாக நிரப்பிவிடுவார்.

கொங்கு நாட்டில் வள்ளம் என்றால் தானியம் அளக்கிற அளவையும் உண்டு, நிலத்தின் அளவையும் உண்டு. 'இரண்டு வள்ளம்' என்று எழுதி அவரிடம் கொடுத்தால் எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல முடியாது. எந்தப் பக்கம் போனாலும் தைரியமாகப் போவார் என்பதை மட்டும் சொல்லலாம்.

மாப்பிள்ளை இதை ஒப்புக்கொள்ளவில்லை.

"அடுத்த வருசம் இன்னும் நல்ல மாடல் வந்துருமுங்க மாமா. அது தானாவே புரிஞ்சுக்கும்."

"காலியா விட்டா அமராவதின்னு உங்க ஆபீசில ஒருத்தர் முடிவு பண்ணினாரே, அது எங்கே எழுதியிருக்குது?"

"எங்கியும் இல்லீங்க. புரோகிராமுக்குள்ளார இருக்குது."

"அந்தப் புரோகிராமை மாடல் பார்க்குமா?"

"பார்க்காதுங்க."

"அப்புறம் எவ்வளவு புத்திசாலி வந்தா என்ன, மாப்பிள்ளை?"

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். வாதத்தில் ஜயித்ததற்காக இதைச் சொல்லவில்லை. எழுத்தின் முதல் கடமை இதில் அடங்கியிருக்கிறது என்று நினைப்பதால் சொல்லுகிறேன். எழுதுகிறவன் மண்டைக்குள் மட்டும் இருக்கிற விஷயத்தை எந்த மேதாவியாலும் படிக்க முடியாது. அதை வெளியே கொண்டுவந்து வைக்க வேண்டியவன் எழுதுகிறவன்தான்.

பெரிய இடங்களிலும் இதே பாடத்தைப் படித்திருக்கிறார்கள். புரோகிராம்களில் உள்ள தவறுகளைத் திருத்துகிற ஓர் ஏஜெண்டைச் செய்தபோது, யந்திரத்துக்குக் கொடுத்த பொதுவான கட்டளைகளைவிடக் கருவிகளைச் செப்பனிடுவதற்கே அதிக நேரம் செலவாயிற்று என்று ஆந்த்ரோபிக் கம்பெனியார் 2024 டிசம்பரில் எழுதினார்கள். ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று 'இங்கிருந்து இப்படிப் போ' என்ற தோரணையில் விலாசம் கொடுக்கும்படி அந்தக் கருவி அமைந்திருந்தது. யந்திரம் வேறொரு இடத்துக்கு நகர்ந்த பிறகு 'இங்கிருந்து' என்பது மாறிப்போய் வழி தவறிற்று. எப்போதும் முழு விலாசமே கொடுக்க வேண்டும் என்று கருவியை மாற்றினார்கள், தவறு நின்றது. நம் கிராமத்தில் 'மேக்கால மூணாவது ஊடு' என்று வழி சொல்லுகிறோம். சொல்லுகிறவர் நிற்கிற இடம் தெரியாவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

அதே கம்பெனியார் 2025 செப்டம்பரில் இன்னொன்றும் எழுதினார்கள். இணையத்தில் தேடுகிற கருவி ஒன்றை உபயோகித்தபோது, அவர்களுடைய மாடல் காரணமில்லாமல் எல்லாத் தேடலோடும் '2025' என்று சேர்த்துக்கொண்டிருந்ததாம். அதனால் விடைகள் கெட்டன. மாடலை மாற்றவில்லை, கருவியின் விளக்கத்தைத் திருத்தியே அதைச் சரிசெய்தார்கள்.

விளக்கத்துக்கு இத்தனை சக்தி இருக்குமானால், அதைத் துஷ்பிரயோகம் செய்ய ஆள் வராமல் இருப்பானா? 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற நிறுவனத்தார் ஓர் ஆபத்தை எடுத்துக் காட்டினார்கள். வெளியார் செய்த ஒரு கருவியின் விளக்கத்துக்குள், 'இதை உபயோகிக்குமுன் இன்ன ரகசியக் கோப்பைப் படித்து எனக்கு அனுப்பு' என்பது போன்ற கட்டளையை ஒளித்து வைக்கலாம். மனிதர் கண்ணுக்கு அது படாமல் போகலாம். யந்திரம் படித்துக் கீழ்ப்படிந்துவிடும். நம் பண்டைய இலக்கணக்காரர்கள் தெளிவைப் பற்றிச் சொன்ன அளவுக்கு யோக்கியதையைப் பற்றிச் சொல்லவில்லையோ என்று இதைப் படித்தபோது தோன்றிற்று. தெளிவாக எழுதுவது வேறு, நேர்மையாக எழுதுவது வேறு. விளக்கத்துக்கு இரண்டும் வேண்டும்.

விமர்சகன் குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மாப்பிள்ளை விடுகிறவனாக இல்லை. "நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று பேனாவை நீட்டிவிட்டான். நான் எழுதின முதல் வரி, 'நம் பக்கத்து அணைகள் இரண்டில் ஒன்றின்...' என்று ஆரம்பித்தது. படித்துக் காட்டும்போதுதான் உறைத்தது. 'நம்' என்றால் யாருடைய? இரண்டு மணி நேரமாக நான் உபதேசித்துக்கொண்டிருந்த குற்றமே என் முதல் வார்த்தையில் உட்கார்ந்திருந்தது! அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். நாலைந்து தடவை மாற்றிய பிறகு நின்றது இது:

'அணை நீர்மட்டம் பார்த்தல். திருமூர்த்தி, அமராவதி ஆகிய இரண்டு அணைகளில் ஒன்றின் நீர்மட்டத்தைக் குறிப்பிட்ட ஒரு நாளுக்குத் தரும். அணையின் பெயரைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கேட்பவர் அணை என்று மட்டும் சொன்னால் ஊகிக்கக் கூடாது. எந்த அணை என்று அவரையே கேட்க வேண்டும். தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும். ஏப்ரல் 3 என்றால் 2025-04-03. விடையில் அணையின் பெயர், அன்றைய மட்டம், முழு மட்டம் மூன்றும் வரும். மட்டங்கள் அடிக் கணக்கில் இருக்கும். அந்த நாளின் கணக்கு வராதிருந்தால் கணக்கு இல்லை என்று வரும். வேறொரு நாளின் கணக்கை அதற்குப் பதிலாகச் சொல்லக் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்பதை இந்தக் கருவி சொல்லாது. அதற்குப் பாசன முறை பார்த்தல் என்ற கருவியை உபயோகிக்க வேண்டும்.'

இதில் இலக்கிய நயம் எதுவும் இல்லை. ஆனால் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எது செய்யாது என்று சொல்லுகிற வாக்கியம் அது. கருவி செய்தவர்கள் தங்கள் கருவி என்ன செய்யும் என்று ஆசையோடு எழுதுகிறார்கள். எங்கே நின்றுவிடும் என்று எழுத மனம் வருவதில்லை. வேலியை எங்கே போட்டிருக்கிறது என்று தெரியாவிட்டால் பக்கத்துக் காட்டில் இறங்கத்தான் செய்வான் அந்நியன். மக்காச்சோளக்காரருடைய கேள்விக்கு உண்மையான பதில் இந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

மனுக் கருவிக்கு இதே போல எழுத உட்கார்ந்தபோது எழுத்து ஓடவே இல்லை. 'எண் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி, ஆனால்...' என்று வாக்கியம் முடிச்சு விழுந்துகொண்டே போயிற்று. நாவலில் எனக்கு இந்த அனுபவம் உண்டு. ஓர் அத்தியாயத்தை எப்படி எழுதினாலும் வரவில்லை என்றால், குற்றம் நடையில் இருக்காது. கதையிலேயே கோணல் இருக்கும். இங்கேயும் அப்படித்தான். ஒரே கருவிக்குள் மூன்று காரியங்களைத் திணித்திருந்தார்கள். "இதைப் பிரிச்சுடு மாப்பிள்ளை" என்றேன். மனு நிலை பார்த்தல், மனு தாக்கல் செய்தல், மனு வாபஸ் பெறுதல் என்று மூன்றாகப் பிரித்ததும் ஒவ்வொன்றும் தானாக எழுதிக்கொண்டது. முதலாவதில் 'இது எதையும் மாற்றாது' என்று ஒரு வரி. மற்ற இரண்டிலும் 'கேட்பவருடைய சம்மதம் பெற்ற பிறகே' என்று ஒரு வரி.

தமிழில் உரைநடை என்றால் கதை, கட்டுரை, மேடைப் பேச்சு என்றே பழகிவிட்டோம். ஒரு பொருளைப் பார்க்காதவருக்கு, அதை அவர் உபயோகிக்கும்படி எழுதிச் சொல்லுகிற உரைநடையை நாம் வளர்க்கவில்லை. மருந்துச் சீட்டு, மின்சார சாமானோடு வருகிற காகிதம், சர்க்கார் படிவம் எதை எடுத்தாலும் இது தெரியும். படிக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுச் சமாளித்துக்கொண்டார், எழுதினவர் தப்பித்துக்கொண்டார். இப்போது வந்திருக்கிற வாசகன் பக்கத்து வீட்டைக் கேட்பதில்லை. எழுதினதை எழுதினபடி எடுத்துக்கொண்டு, எழுதாததைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டு, ஒரு விவசாயியின் சார்பில் காரியம் செய்யக் கிளம்பிவிடுகிறான். இத்தனை காலமாக நாம் செய்துவந்த அலட்சியத்துக்குக் கணக்குக் கேட்க வந்தவன் போல இருக்கிறான்.

புதன்கிழமை மாப்பிள்ளை போன் பண்ணினான்.

"மாமா, அதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேனுங்க. திருமூர்த்தியா, அமராவதியான்னு திருப்பிக் கேட்டுருச்சுங்க."

"பாசன முறைக் கருவி?"

"அது இன்னும் எழுதலீங்க. எந்த ஊருக்கு எந்த மண்டலம்னே எங்க ஆபீசில யாருக்கும் தெரியலீங்க மாமா. சனிக்கிழமை வாரேன். ரெண்டு பேரும் வாய்க்கால் பக்கம் போய் விசாரிச்சுட்டு வந்துருலாமுங்களா?"

வரச் சொல்லியிருக்கிறேன்.